சும்மா நிற்கிற வண்டி, தீர்ந்துபோகிற பேட்டரி

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு வழக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்களைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரே கேள்வி ஏழெட்டுப் பேரிடமிருந்து வேற வேற வடிவத்தில் வந்திருக்கு. “மூணு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தேன், பைக் செல்ஃப் எடுக்கல.” “ஒர்க் ஃப்ரம் ஹோம், கார் மாசத்துக்கு ரெண்டு தடவைதான் கேட்டைத் தாண்டுது. ஆனா மூணு வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு.” கனடாவிலிருந்து ஒருத்தர், “குளிர்காலம் முழுக்க டிராவல் டிரெய்லரை நிறுத்தி வைப்போம், ஏப்ரலில் போய்ப் பார்த்தால் பேட்டரி செத்துக் கிடக்கு” என்று எழுதியிருக்கிறார்.

எல்லோர் மனசிலும் இருக்கிற ஆதங்கம் ஒண்ணுதான். நான் வண்டியைத் தொடவே இல்லையே, அப்புறம் பேட்டரி எப்படித் தீரும்?

நியாயமான கேள்வி. இன்னைக்கு முழுக்க அதைப் பத்தித்தான் பேசப்போறோம். மெக்கானிக் படிப்பெல்லாம் வேண்டாம். கூட்டல், பெருக்கல் தெரிஞ்சா போதும்.

பேட்டரிக்குள்ள என்ன நடக்குது?

முதல்ல ஒரு விஷயம். பேட்டரியை நாம ஒரு டப்பா மாதிரி நினைச்சுக்கறோம். கரண்டை ஊத்தி மூடி வச்சா அப்படியே இருக்கும்னு. அப்படி இல்லை. அது உள்ளே ஓயாமல் வேதிவினை நடந்துகொண்டே இருக்கிற ஒரு பாத்திரம்.

நம்ம கார், பெரும்பாலான பைக், வீட்டு இன்வெர்ட்டர் எல்லாவற்றிலும் இருப்பது ஈய அமில பேட்டரி, அதாவது லெட் ஆசிட். பிரான்ஸைச் சேர்ந்த காஸ்டன் பிளான்டே 1859-இல் கண்டுபிடித்தது. நூற்றி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அடிப்படை மாறவில்லை. ஈயத் தகடுகள், நடுவில் நீர்த்த கந்தக அமிலம். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள், அதாவது ஆறு செல். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். ஆறையும் சேர்த்தா 12.6.

பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும்போது அமிலத்தில் இருக்கிற சல்ஃபேட் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்ளும். சார்ஜ் பண்ணும்போது தகட்டிலிருந்து விலகித் திரும்ப அமிலத்துக்கே வந்துவிடும். போக, வர, போக, வர. இதுதான் அதன் வாழ்க்கை.

சிக்கல் எங்கே என்றால், தீர்ந்த நிலையிலேயே நாள்கணக்கில் விட்டுவிட்டால், தகட்டில் ஒட்டின சல்ஃபேட் கட்டிதட்டிக் கெட்டியான படிகமாகிவிடும். அதற்கப்புறம் சார்ஜ் கொடுத்தாலும் முழுசா கரையாது. வீட்டில் ஹீட்டர் ராடில் உப்பு படியுமே, அந்த மாதிரி வச்சுக்கோங்க. படிஞ்ச இடம் அவ்வளவும் இனிமேல் வேலை செய்யாது. 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 25 ஆகும், அப்புறம் 15 ஆகும். இதற்கு சல்ஃபேஷன் என்று பேர்.

அதனால் இதை மட்டும் மனசில் வச்சுக்கோங்க: பேட்டரி தீர்வதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. தீர்ந்து, அப்படியே கிடப்பதுதான் ஆபத்து.

குழாய் எங்கே சொட்டுது?

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைச்சுக்கோங்க. யாரும் குளிக்கவில்லை, துவைக்கவில்லை. ஆனாலும் தண்ணீர் குறையுது. ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, தொட்டியே லேசா கசியுது. இன்னொண்ணு, கீழே ஏதோ ஒரு குழாய் சொட்டுது. பேட்டரியிலும் இதே ரெண்டுதான்.

தொட்டி கசிவதுதான் செல்ஃப் டிஸ்சார்ஜ். ஒரு வயரும் மாட்டாமல் தனியாக வைத்தாலும் ஈய அமில பேட்டரி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும். 25 டிகிரி வெப்பத்தில் நல்ல பேட்டரி மாசத்துக்கு நாலஞ்சு சதவீதம் இழக்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறினா இந்த வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. இப்ப மே மாசச் சென்னையில், மேலே கூரை இல்லாத பார்க்கிங்கில் நிற்கிற வண்டியின் பானெட்டுக்குள்ளே எவ்வளவு சூடு இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. பேட்டரிக்கு நம்ம ஊரில் எமன் வெயில்தான்.

குழாய் சொட்டுவது வேற கதை. சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிட்டுப் போனாலும் வண்டி முழுசாகத் தூங்குவதில்லை. ரிமோட் சிக்னலுக்காகக் காத்திருக்கிற லாக், திருட்டு அலாரம், கடிகாரம், ஸ்டீரியோவின் மெமரி, இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர் என்று எல்லாமே துளித்துளியாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இன்றைய காரில் இது 20-லிருந்து 50 மில்லி ஆம்பியர் வரை இருந்தால் சகஜம்.

மில்லி ஆம்பியர்னு கேட்டா ஒண்ணுமே இல்லைன்னு தோணும். கணக்குப் போடலாம். 50 மில்லி ஆம்பியர் என்றால் 0.05 ஆம்பியர். 24 மணி நேரத்துக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். முப்பது நாளைக்கு 36. சின்ன காரில் இருக்கிற பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-ஹவர். கணக்கு முடிஞ்சுது. ஒரு மாசத்தில் தொட்டி காலி.

உங்க வண்டி 30 மில்லி ஆம்பியர்தான் எடுக்குதுன்னு வச்சுக்கிட்டாலும் மாசத்துக்கு 21 போயிடும். மிச்சம் இருக்கிற 14-ஐ வச்சு ஸ்டார்ட் ஆகுமாங்கறது அன்னன்னிக்கு அதிர்ஷ்டம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது இந்தியா முழுக்க லட்சக்கணக்கான வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. நல்ல பேட்டரி, கெட்ட பேட்டரி என்று பார்க்காமல் வரிசையாகப் படுத்தது இந்தக் கணக்கினால்தான்.

இதெல்லாம் கம்பெனியே வைத்த சொட்டுகள். அதற்கு மேலே நாம வைக்கிறது இருக்கே, ஜிபிஎஸ் டிராக்கர், பார்க்கிங் மோடில் ஓடுகிற டேஷ்கேம், வெளியே கடையில் மாட்டின ஸ்டீரியோ, அதுதான் பல நேரம் பெரிய ஓட்டை.

நாலஞ்சாயிரம் ரூபாய் மட்டும் இல்லை

“சரி, தீர்ந்தா தீரட்டும், ஆப்ல சொன்னா ஒருத்தர் பேட்டரியோட வந்து மாட்டிட்டுப் போயிடப்போறார்” என்று சொல்றவங்களுக்கு எங்க வீட்டில் நடந்ததைச் சொல்றேன்.

அப்பா, அம்மா ரெண்டு பேரும் பாளையங்கோட்டையில். நான் பெங்களூர், அண்ணன் துபாய். அங்கே ஒரு சின்ன கார் இருக்கு. அப்பா வாரத்துக்கு ஒரு நாள் மார்க்கெட்டுக்கு எடுப்பார். மத்தபடி அந்தக் கார் அங்கே இருப்பதே ராத்திரி அவசரத்துக்குத்தான். அம்மாவுக்கு வீசிங் உண்டு.

ஒரு மழைக்காலம். பத்து நாளா அப்பா காரை எடுக்கவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. அப்பா சாவியைத் திருப்பினார். டிக், டிக், டிக். அவ்வளவுதான். எதிர் வீட்டு மாமாவை எழுப்பி, அவர் தெருமுனையில் ஆட்டோக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர நாற்பது நிமிஷம் ஆனது. கார் எடுத்திருந்தால் பத்து நிமிஷம். அம்மா நல்லா இருக்காங்க. ஆனால் அந்த முப்பது நிமிஷத்தை அப்பா இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் கடையில், “பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க” என்றார்கள். அது மாட்டிப் பதினாலு மாசம்தான் ஆகியிருந்தது. அப்பா பழைய ஆள், லேசில் நம்ப மாட்டார். தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தரைக் கூப்பிட்டார். அவர் பேட்டரியை ராத்திரி முழுக்க மெதுவாக சார்ஜ் போட்டார். காலையில் மீட்டரை மாட்டி, காரைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். ஏன் அரை மணி நேரம்? பூட்டினவுடனே வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்காது. ஒவ்வொன்றாகத்தான் தூங்கும். அதற்கு முன்னாடி அளந்தால் தப்பான எண் வரும்.

அரை மணி கழித்தும் மீட்டரில் 90 மில்லி ஆம்பியர். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினார். ஸ்டீரியோ ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் சட்டென்று இருபதுக்கு இறங்கியது. வெளியே மாட்டின ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரவேண்டிய வயரை, எப்போதும் கரண்ட் வருகிற வயரோடு சேர்த்து முறுக்கி வைத்திருக்கிறார்கள். திரை அணைந்திருக்கும், உள்ளே முழிச்சுக்கிட்டே இருக்கும்.

90 மில்லி ஆம்பியர் என்றால் நாளைக்கு 2 ஆம்பியர்-ஹவருக்கு மேல். பத்து நாளைக்கு 21. மார்க்கெட்டுக்குப் போய்வரும் பத்து நிமிஷத்தில் அதில் கால்வாசிகூடத் திரும்பிவராது. வயரைச் சரிபண்ணினார். அதே பேட்டரி அதே காரில் இன்னும் ஓடுது.

பேட்டரியை மாத்தியிருந்தா அடுத்த மழைக்காலத்திலும் இதே டிக் டிக்தான் கேட்டிருக்கும். அதனால் “பேட்டரி போச்சு” என்று யாராவது சொன்னால், “லீக்கேஜ் பாத்தீங்களாண்ணே?” என்று ஒரு கேள்வி கேளுங்க. அந்தக் கேள்வி நாலஞ்சாயிரம் ரூபாயையும் மிச்சம் பண்ணும், சில நேரம் அதைவிடப் பெரிசையும்.

அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விட்டா போதாதா?

எல்லா அபார்ட்மெண்ட்டிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருத்தர் இதைச் செய்வார். கீழே வந்து, காரை ஸ்டார்ட் பண்ணி, அஞ்சு நிமிஷம் உறும விட்டு, அணைத்துவிட்டு மேலே போய்விடுவார். மனசுக்குத் திருப்தி. பேட்டரிக்கு?

ஸ்டார்ட் பண்ணுவதற்கு ஆகிற செலவு உண்மையில் ரொம்பக் குறைவு. நூற்றைம்பது ஆம்பியர் போனாலும் ஒண்ணு ரெண்டு செகண்ட்தான். அது சீக்கிரமே திரும்பிவிடும். ஆனால் வாரம் முழுக்கச் சொட்டினதே, 50 மில்லி ஆம்பியர் கணக்கில் எட்டு ஆம்பியர்-ஹவருக்கு மேல், அதைத் திருப்ப அஞ்சு நிமிஷம் எங்கே போதும்? நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தன் முழு பலத்தைக் கொடுக்காது. கூடவே ஏசி, லைட் போட்டிருந்தா வருவதில் பாதி அதுக்கே போயிடும். பேட்டரியும் அவசர அவசரமாக வாங்கிக்கொள்ளாது. பசியில்லாத குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, நிறைய நிறைய வாய் மூடும்.

அதோட, இன்ஜின் சூடேறும் முன்னாடி அணைத்தால் சைலன்சரில் தண்ணீர் கோர்க்கும், துரு பிடிக்கும். அதனால் ஸ்டார்ட் பண்ணினால் வெளியே எடுத்துட்டுப் போங்க. வாரத்துக்கு ஒரு முறை, நிற்காமல் ஓடுகிற ரோட்டில் முப்பது நாற்பது நிமிஷம். அதுக்கு நேரம் இல்லைன்னா ஸ்டார்ட் பண்ணாமலே விடுங்க, கீழே சொல்லப்போற வழியைப் பாருங்க.

சரி, என்ன பண்ணலாம்?

மூணு வேலை. அளக்கிறது, கழட்டுறது, ஊட்டுறது.

அளப்பதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். சில நூறு ரூபாய். டிசி வோல்ட்டில் வைத்து, வண்டி ஓட்டி ரெண்டு மூணு மணி நேரமாவது ஆன பிறகு ரெண்டு டெர்மினலிலும் வைத்துப் பாருங்க. 12.6-க்கு மேல் என்றால் நிறைந்திருக்கு. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12 என்றால் கால்வாசிதான், உடனே சார்ஜ் போடணும். ஓட்டி முடித்த கையோடு அளந்தால் 13-ஐ ஒட்டிக் காட்டும், அதை நம்பாதீங்க.

பேட்டரி மேலே பச்சைக் கண் மாதிரி ஒண்ணு இருக்குமே, அதையும் முழுசா நம்பாதீங்க. ஆறு செல்லில் ஒரே ஒரு செல்லின் நிலையைத்தான் அது காட்டுது. மத்த அஞ்சு எப்படி இருக்குன்னு அதுக்குத் தெரியாது.

கழட்டுவது. ரெண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகுதுன்னா, பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் பிளக் பாயிண்ட் இல்லாத நம்ம மாதிரி ஆட்களுக்கு இதுதான் சிறந்த வழி. முதலில் வண்டியை நல்லா ஓட்டி பேட்டரியை நிறைச்சுக்கோங்க. அப்புறம் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலை மட்டும் கழட்டி, கேபிளை ஒரு துணியில் சுத்தி ஓரமா வைங்க. சொட்டுகிற எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் மூடிடும்.

ஏன் நெகட்டிவ் முதலில்? வண்டியின் பாடி முழுக்க நெகட்டிவ்தான். பாசிட்டிவை முதலில் கழட்டும்போது ஸ்பேனர் தவறி பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். நெகட்டிவை எடுத்துவிட்டால் அந்த பயம் இல்லை. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

கழட்டினால் கடிகாரம், ஸ்டீரியோ செட்டிங் போகும். சில கார்களில் கண்ணாடி ஆட்டோவாக ஏறி இறங்குவதை மறுபடி சொல்லிக்கொடுக்கணும். ரிமோட் வேலை செய்யாது, அதனால் கதவைத் திறக்கிற நிஜச் சாவி கையில் இருக்கான்னு பார்த்துக்கோங்க.

ஊட்டுவது என்பது பிளக் பாயிண்ட் இருப்பவர்களுக்கு. பேட்டரி மெயின்டெய்னர், ஸ்மார்ட் சார்ஜர் என்ற பேரில் கிடைக்கும். முதலில் நிறைக்கும். நிறைந்ததும் தானாக 13.5, 13.8 வோல்ட்டுக்கு இறங்கி, சொட்டுகிற அளவுக்கு மட்டும் திருப்பி ஊற்றும். மாசக்கணக்கில் மாட்டி வைக்கலாம். பழைய மாடல் சாதா சார்ஜரை இப்படி மாட்டி வைக்கவே கூடாது. அது நிறுத்தத் தெரியாமல் ஊற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே தண்ணீர் வற்றிவிடும்.

இன்னொரு சந்தேகம் நிறைய வரும். “கழட்டின பேட்டரியை சிமெண்ட் தரையில் வைக்கக்கூடாதாமே, தரை இழுத்துக்குமாமே?” அந்தக் காலத்து பேட்டரிகளின் பெட்டியில் கசிவு இருந்தது, அப்ப அதில் உண்மை இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. தரையில் தாராளமா வைங்க. வெயில் படாத இடமா என்று மட்டும் பாருங்க.

பைக், ஸ்கூட்டர்

இங்கே தொட்டியே ரொம்பச் சின்னது. மூணிலிருந்து அஞ்சு ஆம்பியர்-ஹவர்தான் பெரும்பாலும். சும்மா நின்றால் பைக் அதிகம் உறிஞ்சாது. ஆனால் 10 மில்லி ஆம்பியர் எடுக்கிற ஒரு டிராக்கரை மாட்டினீங்கன்னா, 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரி பதினேழு நாளில் காலி. முன்னாடியெல்லாம் கிக்கரை உதைத்தால் போதும். இப்ப நிறைய பைக்கில் கிக்கரே கிடையாது. பெட்ரோலைப் பம்ப் பண்ணி இன்ஜெக்ஷன் பண்றதுக்கே கரண்ட் வேணும், அதனால் தள்ளி ஸ்டார்ட் பண்றதும் முன்ன மாதிரி எளிது இல்லை.

நல்ல விஷயம், இந்த பேட்டரியைக் கழட்டிக் கையில் எடுத்துக்கொண்டு நாலாவது மாடிக்கே போய்விடலாம். ஒரு எச்சரிக்கை: கார் சார்ஜரை இதில் மாட்டாதீங்க. பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. 4 ஆம்பியர்-ஹவருக்கு அரை ஆம்பியருக்குள் போதும்.

வீட்டைப் பூட்டிட்டுப் போறீங்களா?

இன்வெர்ட்டர் இருக்கிற வீடுகளில் இது அடிக்கடி நடக்குது. ரெண்டு மாசம் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போறாங்க. பாதுகாப்புக்காக மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டுப் போறாங்க. ஆனால் இன்வெர்ட்டர் ஸ்விட்ச் ஆனிலேயே இருக்கு.

இன்வெர்ட்டருக்கு என்ன தெரியும்? கரண்ட் போயிடுச்சுன்னு நினைச்சுக்கும். வைஃபை ரவுட்டர், காலிங் பெல், டிவியின் சிவப்பு லைட் எல்லாவற்றுக்கும் விசுவாசமாகக் கரண்ட் கொடுக்கும். ஒண்ணுமே மாட்டாவிட்டாலும் தான் விழித்திருக்கவே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஒண்ணு ரெண்டு நாளில் அடிமட்டத்துக்குப் போய்க் கட் ஆகும். அப்புறம் ரெண்டு மாசம் காலியாகவே கிடக்கும். நாம பேசினோமே, சல்ஃபேட் கெட்டியாகிறது, அது நிதானமாக நடக்கும். பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கின பேட்டரி.

அதனால் ரெண்டில் ஒண்ணு. மெயின் ஆனில் இருந்தால் இன்வெர்ட்டரும் ஆனில் இருக்கட்டும், டிஸ்டில்ட் வாட்டர் அளவு பார்த்து ஊற்றிவிட்டுப் போங்க. மெயினை அணைப்பதென்றால், பேட்டரி முழுசா நிறைந்திருக்கும்போது இன்வெர்ட்டரையும் அணைத்து, பேட்டரி வயரையும் கழட்டிவிடுங்க.

கனடா நேயருக்கு

டிராவல் டிரெய்லர் பற்றித் தெரியாதவர்களுக்கு: காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற சின்ன வீடு. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை எல்லாம் இருக்கும். அமெரிக்கா, கனடாவில் கோடை முழுக்க இதில் ஊர் சுற்றிவிட்டு, அக்டோபர் வாக்கில் நிறுத்தினால் மறுபடி ஏப்ரல், மே மாசம்தான்.

இதில் சொட்டுகிற குழாய்கள் அதிகம். முக்கியமானது எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்கிற கருவி. உயிர் காக்கிற சாமான், அதனால் அது தூங்கவே தூங்காது. அது ஒண்ணே 80 மில்லி ஆம்பியர் எடுக்குதுன்னு வைங்க, நாளைக்கு ஏறக்குறைய 2 ஆம்பியர்-ஹவர். 80 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இருபது நாளில் பாதியாகும், நாற்பது நாளில் காலி. குளிர்காலமோ ஆறு மாசம்.

“நான் டிஸ்கனெக்ட் ஸ்விட்சை அணைச்சுட்டுத்தானே போனேன்?” என்று கேட்டிருக்கீங்க. பல டிரெய்லர்களில் அந்த ஸ்விட்ச் எல்லாவற்றையும் வெட்டாது. டிரெய்லர் தனியாகக் கழன்றால் பிரேக் பிடிக்கிற பாதுகாப்பு ஸ்விட்ச், முன்னால் இருக்கிற மின் ஜாக்கி, சில மாடல்களில் இந்த எரிவாயுக் கருவி, எல்லாம் நேராக பேட்டரியில் கட்டியிருக்கும். அணைத்த பிறகு ஒரு மீட்டர் வைத்து, இன்னும் ஏதாவது ஓடுதான்னு பாருங்க. சந்தேகமே வேண்டாம் என்றால் நெகட்டிவ் கேபிளையே கழட்டிடுங்க. அப்ப எரிவாயுக் கருவியும் தூங்கிடும், அதனால் சிலிண்டர் வால்வை மூடியிருக்கீங்களான்னு கண்டிப்பா பாருங்க. கூரையில் இருக்கிற சோலார் பேனலை நம்பி இருக்காதீங்க, மேலே பனி மூடினா அது வெறும் பலகை.

இன்னொண்ணு, நம்ம ஊருக்கு வெயில் எமன் என்றால் உங்க ஊருக்குக் குளிர். நிறைந்த பேட்டரிக்குள் இருக்கிற அமிலம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. ஆனால் தீர்ந்த பேட்டரிக்குள் அமிலம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், மைனஸ் 7, 8 டிகிரியிலேயே உறைந்துவிடும். உறைந்தால் விரியும், பெட்டி வெடிக்கும், தகடு வளையும். அப்படி உறைந்ததை சார்ஜ் போட முயற்சி பண்ணாதீங்க, ஆபத்து.

ஆனால் நிறைச்சுக் கழட்டி வைத்த பேட்டரிக்குக் குளிர் நண்பன். தானாகத் தீர்வது குளிரில் மெதுவாகிவிடும். கழட்டி வீட்டு பேஸ்மெண்டில் வைத்து, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வோல்ட் பார்த்து, 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்க. ஏப்ரலில் நிம்மதியா கிளம்பலாம்.

எலக்ட்ரிக் வண்டி வச்சிருக்கவங்க

லித்தியம் பேட்டரியின் குணம் இதற்கு நேர் எதிர். நூறு சதவீதம் நிறைத்து மாசக்கணக்கில் வைப்பது அதற்குப் பிடிக்காது, பூஜ்யத்தில் வைப்பது அறவே ஆகாது. பாதி, அல்லது பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, நிழலான இடத்தில் நிறுத்துங்க. மாசத்துக்கு ஒருமுறை எவ்வளவு இருக்குன்னு பாருங்க. பழைய லேப்டாப், பவர் பேங்கை அலமாரியில் போட்டு வைக்கும்போதும் இதே கணக்குதான்.

எலக்ட்ரிக் கார்களில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய பேட்டரி எண்பது சதவீதம் இருக்கும், ஆனாலும் கதவு திறக்காது. ஏன்னா அதிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கு. கதவு, திரை, கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் ஓடும். அது தீர்ந்தால் பெரியதை எழுப்ப ஆள் இல்லை. ரொம்ப நாள் நிறுத்துவதற்கு முன்னாடி உங்க வண்டியின் கையேட்டில் இதைப் பத்தி என்ன போட்டிருக்குன்னு படிச்சுடுங்க.

கடைசியா

எவ்வளவு பார்த்துக்கிட்டாலும் ஒருநாள் பேட்டரி சாகத்தான் செய்யும். அப்ப அதைக் குப்பையிலோ, தெருவில் வருகிற காயலான்காரரிடமோ போடாதீங்க. உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கு. கண்ட இடத்தில் உடைச்சு உருக்கினா அந்த ஈயப் புகை முதலில் போய்ச்சேர்வது பக்கத்துத் தெருப் பிள்ளைகளின் ரத்தத்தில். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பச் சேகரிக்க வேண்டியது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. புது பேட்டரி வாங்குகிற கடையிலேயே பழையதைக் கொடுங்க, விலையிலும் குறைப்பாங்க. இதுவரைக்கும் பேசினதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு. ஒரு பேட்டரி மூணு வருஷத்துக்குப் பதிலா அஞ்சு வருஷம் ஓடினா, எங்கோ ஒரு உலையில் உருகவேண்டியது அவ்வளவு தள்ளிப்போகுது.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மீட்டர் ஒண்ணை பையில் போட்டுக்கோங்க. அப்பா அம்மா வீட்டில் நிற்கிற வண்டி, ஸ்கூட்டர், இன்வெர்ட்டர் மூணையும் அளந்து எண்ணை ஒரு தாளில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிட்டு வாங்க. 12.4-க்குக் கீழே ஏதாவது இருந்தா, கிளம்பறதுக்கு முன்னாடி அதைச் சரிபண்ணிட்டு பஸ் ஏறுங்க.

என்ன எண் வந்துச்சுன்னு எனக்கும் எழுதுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.